தனிப்பயிற்சியும் எதிராட்டமும்

போட்டிக்குரிய கலை யாதாயினும், அதனைக் கற்பார்க்கு ஆசிரியர் இருவர் உளர். ஒருவர் தனிமை, மற்றொருவர் எதிரி. தனிமை என்னும் ஆசிரியர் பொறுமை மிக்கவர்; மாணவன் நூறு முறை பிழைத்தாலும் முகஞ் சுளியார். எதிரி என்னும் ஆசிரியரோ இரக்கம் அறியாதவர். ஒரு முறை பிழைத்தாலும் அடித்தே திருத்துவர். இவ்விருவருள் எவரிடத்து எவ்வளவு காலம் பயிலல் வேண்டும் என்பது, சிலம்பம் ஆடுவார்க்கும், சதுரங்கம் ஆடுவார்க்கும், இக்காலத்து இளைஞர் திரையின் முன் அமர்ந்து பொருதும் வீடியோ விளையாட்டு ஆடுவார்க்கும் பொதுவாகிய வினாவாகும். இதனை எம் சிற்றறிவுக்கு எட்டியவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா எமக்கு ஏட்டினின்றும் எழுந்ததன்று. விலாவிற் பட்ட அடியினின்றும் எழுந்தது. சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடைபெற்ற சிலம்பப் போட்டி ஒன்றில் யாமும் கலந்துகொண்டோம். காலையில் நடந்த கம்பு வீச்சுப் போட்டியில் எமக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. கூட்டம் கைதட்டிற்று. அன்று பிற்பகலே கம்புச் சண்டைக் களத்தில் இறங்கினோம். எம்மை எதிர்த்து நின்றவர் எம்மினும் இளையர். அவர் அறிந்த வீச்சுக்கள் நான்கைந்துக்கு மேல் இரா. எம் சுழற்சி அவர் கண்ணுக்கு விருந்தாயிற்று; எம் விலா அவர் கம்புக்கு விருந்தாயிற்று. முதற் சுற்றிலேயே, ஒரு புள்ளியேனும் பெறாது தோற்று வெளியேறினோம். காலையிற் கைதட்டிய கூட்டமே மாலையிற் சிரித்தது.

விடுதிக்குத் திரும்பிய மறுநாள் யாம் செய்தது யாதெனின், விடியற்காலையில் எழுந்து தனியே கடற்கரைக்குச் சென்று, முன்னினும் இரட்டிப்பு நேரம் கம்பு சுழற்றத் தொடங்கினோம். இதனை உழைப்பு என்றே எண்ணினோம். அஃது உழைப்பன்று, ஒளிந்துகொள்ளல் என்பதனைச் சில திங்கள் கழித்தே உணர்ந்தோம். தனிமையில் தோற்பார் எவரும் இலர். ஆதலால் தோல்விக்கு அஞ்சினவர்க்குத் தனிமையைப் போன்ற புகலிடம் பிறிதில்லை.

எம் அறைத் தோழர் நிலையோ இதற்கு நேர்மாறானது. அவர் இயற்பியல் மாணவர். அவர் கையிற் கம்பில்லை. பல பொத்தான்கள் அமைந்த கன்ட்ரோலர் உண்டு. ஸ்ட்ரீட் பைட்டர், டெக்கன் என்னும் சண்டை விளையாட்டுக்களை இணையத்தின் வழியே முகமறியாத எதிரிகளோடு இரவுதோறும் ஆடுவார். ஒரே இருக்கையில் இருபது ஆட்டங்களும் ஆடுவதுண்டு. எனினும் இரண்டு ஆண்டுகளாக அவர் நின்ற படியிலேயே நின்றார். அவர் எம்மை நோக்கி, “நீ காற்றோடல்லவா சண்டையிடுகிறாய்!” என்று நகைப்பார். யாமும், “நீ நேற்றுத் தோற்ற இடத்திலேயே இன்றும் தோற்கிறாய்!” என்று விடையிறுப்போம். இருவர் கூற்றும் மெய்யாய் இருந்தமையே இருவர்க்கும் வருத்தம்.

நிற்க. தனிப்பயிற்சியின் பயனை முதற்கண் நோக்குவோம். சிலம்பம் நம் நாட்டில் வெறுங் காட்சிப் பொருளாய் நின்றுவிடவில்லை. 2024ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுக்களில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் அதற்கு இடமுண்டு. அக்கலையைக் கற்பிப்போர் கம்பினைக் கையிற் கொடுக்குமுன் காலைப் பழக்குவர். காலடி வைப்பு முறைகளுக்குச் சுவடு என்று பெயர். சுவடு படிந்த பின்னரே, ஏறக்குறைய மாணவனின் நெற்றி அளவு உயரமுள்ள மூங்கிற் கம்போ பிரப்பங் கம்போ அவன் கைக்கு வரும். பின்னர் வீச்சு, வெட்டு, குத்து, தடுப்பு என ஒவ்வொன்றாய்ப் பழகுவான். இவையெல்லாம் தனித்து நின்றே பழகற்பாலன. ஏனெனில், மனம் ஒரு செயலைக் கவனித்துச் செய்யுங்கால் அது மெதுவாகவே நிகழும்; கவனியாமலே கை செய்யும் நிலை வந்த பின்னரே அது விரையும். அந்நிலை பன்னூறு முறை திரும்பத் திரும்பச் செய்தலாலன்றி வாராது. போட்டிக் களத்தில் ஒரு தடுப்பினைச் செய்யும் தறுவாய் ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ வரும். தனிமையிலோ அரைமணி நேரத்தில் அதனையே இருநூறு முறை செய்யலாம். இஃது எதிரி ஒருவராலும் தரவொண்ணாத பெருஞ் செல்வம்.

இனி, தனிமை தரமாட்டாதன எவை? எம் தோல்வியை ஆராய்ந்தபோது நான்கு புலப்பட்டன. முதலாவது இடைவெளி. தனித்துச் சுழற்றுங்கால் எம் கம்பின் நுனி எங்கே சென்று முடிகிறது என்பதனை யாம் எண்ணியதே இல்லை. ஒரு சாண் குறைந்தாலும் காற்று குறை கூறாதன்றோ! களத்தில் அவ்வொரு சாணே வெற்றிக்கும் தோல்விக்கும் எல்லை. இரண்டாவது காலம். வீச்சினை எப்படி வீசுவது என்பதை அறிந்திருந்தோம். எப்பொழுது வீசுவது என்பதை அறிந்திலோம். மூன்றாவது ஏமாற்று. எம் எதிரி தலையை நோக்கிக் கம்பை ஓங்கி விலாவில் இறக்கினார். எம் தடுப்பு பிழையற்றது. ஆயினும் வாராத அடிக்கு அஃது எழுந்து நின்றது. நான்காவது அச்சம். அடி வரும்போது எம் கண் தானே மூடிக்கொண்டது. கடற்கரைக் காற்று எம் கண்ணை ஒருநாளும் மூடச் செய்ததில்லை.

எமக்குக் கம்பு பயிற்றிய ஆசான் இக்கடற்கரையூர் ஒன்றில் வாழும் முதியவர். இளமையிற் சங்கு குளித்தவர். தோற்றுத் திரும்பிய செய்தியை அவரிடம் கூறியபோது அவர் வியந்திலர். “உன் கம்பு அழகாய்ச் சுழலுகிறது, தம்பி. ஆனால் எதிரே ஆள் நிற்பது அதற்குத் தெரியவில்லை” என்றார். பின்னர், “ஆள் நிற்பது தெரிய வேண்டுமானால் ஆளோடு நிற்க வேண்டும்” என்று கூறி முடித்தார். அன்று அதனை யாம் முற்றும் விளங்கிக்கொள்ளவில்லை.

அவ்வாறாயின் எதிராட்டமே போதுமோ எனின், எம் அறைத் தோழரே அதற்கு விடையாவார். களத்தில் நிற்பவன் வெற்றியை விரும்புகின்றான். வெற்றியை விரும்புபவன் தனக்கு முன்பே நன்கு தெரிந்ததனையே செய்வான். ஐயுற்றதனைச் செய்து பார்க்கத் துணியான். ஆதலின் நாள்தோறும் எதிராடுவதாற் பழைய நன்மைகள் உறுதிப்படுவதைப் போலவே பழைய பிழைகளும் உறுதிப்படும். மேலும், ஓர் ஆட்டம் முடிந்தவுடன் மற்றோர் ஆட்டம் தொடங்குமாயின், எதனால் தோற்றோம் என்று எண்ணிப் பார்க்க இடமேது? தோல்வி ஒரு கடிதம் போன்றது. அதனைப் பிரித்துப் படியாதவர்க்கு எத்தனை கடிதம் வந்தும் பயனில்லை. தனிமையிற் புகுந்தவன் தோல்விக்கு ஒளிகின்றான். ஓயாது ஆடுபவன் உழைப்புக்கு ஒளிகின்றான். இடம் வேறாயினும் இருவர் செயலும் ஒன்றே.

எம் தோழரின் விளையாட்டினைப் பற்றி அதனை அறியாதவர்க்குச் சிறிது விளக்குதல் கடன். ஜப்பான் நாட்டுக் கேப்காம் நிறுவனம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டாம் ஸ்ட்ரீட் பைட்டர், இருவர் எதிரெதிரே நின்று பொருதும் இவ்வகை விளையாட்டினை உலகெங்கும் பரப்பிற்று. நாம்கோ நிறுவனத்தின் டெக்கன் 1994ஆம் ஆண்டில் வந்தது. இவ்விளையாட்டுக்களிற் காட்சி, பெரும்பாலும் நொடிக்கு 60 படங்களாக ஓடுகிறது. மிக விரைந்த குத்து ஒன்று நான்கைந்து படங்களின் அளவான காலத்துக்குள் எதிரி உடலைச் சென்று தொடும். மனிதன் ஒன்றைக் கண்ணாற் கண்டு கையை அசைப்பதற்கோ ஏறக்குறைய கால் நொடி, அஃதாவது 12 முதல் 15 படங்கள் வரை செல்லும். இதனால் விளங்குவது யாது? கண்ட பின் தடுப்போம் என்று இருப்பவன் தடுக்கவே இயலாத அடிகள் உண்டு. அவற்றை வருமுன் உணர்தல் வேண்டும். வருமுன் உணர்தல் பொத்தானைப் பற்றிய அறிவன்று. எதிரே இருக்கும் மனிதனைப் பற்றிய அறிவு. சிலம்பத்தில் எம் விலாவுக்கு நேர்ந்ததும் இதுவே.

இவ்விளையாட்டுக்களிலும் தனிப்பயிற்சிக்கென ஓர் அறை அமைந்துள்ளது. அங்கே ஒரு பாவை நிற்கும். அதனை எத்துணை முறை அடித்தாலும் அது வீழ்வதில்லை. ஒரு தொடரடியின் விசைகளை அங்கே ஆயிரம் முறை பழகலாம். பாவைக்கும் சில அடிகளைக் கற்பித்து, அவற்றுள் ஏதேனும் ஒன்றை முன்னறிவிப்பின்றி வீசுமாறு செய்யலும் கூடும். இங்ஙனம் அமைத்துக்கொண்டால், தனிமையிலும் எதிரியின் நிழல் சிறிது விழும். எனினும் பாவைக்கு விருப்பமில்லை, வெறுப்பில்லை, ஏமாற்றும் எண்ணமில்லை. அது நம்மைப் படிப்பதும் இல்லை.

இவ்விருவகைக் கல்வியும் ஒருங்கே விளங்கிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2004ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் நடைபெற்ற ஈவோ என்னும் போட்டியில், ஜப்பானியராகிய டைகோ உமெகாரா என்பவர் அமெரிக்கராகிய ஜஸ்டின் வாங் என்பவரை மூன்றாம் ஸ்ட்ரீட் பைட்டரில் எதிர்த்தார். டைகோவின் வீரனுக்கு உயிர் நூலிழை அளவே எஞ்சியிருந்தது. அடியைச் சாதாரணமாகத் தடுத்தாலும் அந்நூலிழை அறும். வாங்கின் வீராங்கனை 15 அடிகள் கொண்ட தொடர் தாக்குதலை ஏவினாள். டைகோ ஒவ்வோர் அடிக்கும் உரிய கணத்தில் முன்னோக்கி விசையைத் தட்டி, 15 அடிகளையும் தட்டிவிட்டு, திருப்பி அடித்து அவ்வாட்டத்தை வென்றார். பதினைந்து தட்டுக்களின் தாளம் தனிமையிற் பயின்றாலன்றிக் கைவாராது. ஆனால் முதல் தட்டு அடி வெளிப்படையாய்த் தோன்றுமுன்பே செய்யப்பட வேண்டியது. இக்கணத்தில் இவர் இதனையே செய்வார் என்ற அவ்வறிவு, மனிதரோடு ஆடியவர்க்கே வரும். அங்ஙனம் வியக்கத்தக்க செயல் செய்தும் அவ்வாண்டு அவ்விளையாட்டின் முதற்பரிசு டைகோவுக்குக் கிட்டவில்லை என்பதும் கருதற்பாலது. அரியதொரு செயல் வேறு, போட்டி முழுவதும் வெல்லுதல் வேறு.

எதிராட்டத்தின் ஆற்றலுக்கு நம் அண்டை நாடே சான்று பகரும். பாகிஸ்தானின் இலாகூர் நகரத்து இளைஞராகிய அர்சலான் ஆஷ் என்பார் 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஜப்பானில் நடைபெற்ற ஈவோ டெக்கன் போட்டியை வென்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் இலாஸ் வேகாஸ் நகரத்து ஈவோவையும் வென்றார். அதுகாறும் கொரிய நாட்டாரும் ஜப்பானியருமே இவ்விளையாட்டின் தலைவர்கள் எனக் கருதப்பட்டனர். அர்சலானோ, தம் நாட்டில் தமக்கு நிகரானவர் இன்னும் பலர் உளர் என்று கூறினார். அதனைக் கேட்ட கொரியப் பெருவீரராகிய நீ என்னும் பட்டப்பெயருடையார் அவ்வாண்டே பாகிஸ்தானுக்குச் சென்று அவ்விளைஞரோடு ஆடிப் பார்த்தார். உலகம் அறியாத ஒரு கூட்டம், கடைகளிற் கூடி ஒருவரையொருவர் வென்றும் தோற்றும், உலகை வெல்லும் வலிமையைத் தேடிக்கொண்டது. வலியவன் ஒருவன் பிறக்கும்போது அவனைச் சூழ வலிய எதிரிகள் பலர் இருப்பர் என்பது இதனாற் பெறப்படும்.

இளமையின் விரைவு ஒன்றே இத்துறையில் வெற்றி தருவது என்பாரும் உளர். 2023ஆம் ஆண்டில் சீனத்தின் ஆங்சௌ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுக்களில் ஸ்ட்ரீட் பைட்டர் பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. இந்திய வீரர் இருவரும் அதிற் பங்கு பெற்றனர். பொற்பதக்கம் பெற்றவர் தென்கொரியராகிய கிம் குவான் ஊ. அப்போது அவர்க்கு அகவை 44. எதிராட்டத்திற் பழுத்த கண், இளங்கையின் விரைவுக்கு ஈடு செய்யும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி, தமிழர் உலகப் புகழ் பெற்ற சதுரங்கத்தை நோக்குவோம். விசுவநாதன் ஆனந்த் அவர்கள் ஆறாம் அகவையில் தம் அன்னையாரிடம் அவ்வாட்டத்தைக் கற்றார். தந்தையாரின் பணி பற்றிக் குடும்பம் மணிலா நகரில் வாழ்ந்த நாட்களில், தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களை அன்னையார் எழுதி வைக்க, பள்ளியினின்றும் மீண்ட சிறுவர் அவற்றைத் தீர்ப்பாராம். சென்னையிலோ சோவியத்துப் பண்பாட்டு நிலையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் விரைவாட்டம் ஆடினார். வென்றவர் பலகையின் முன் இருப்பர். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குச் செல்வர். வீட்டிற் புதிர், கழகத்தில் எதிரி. இவ்விரண்டும் சேர்ந்தே 1988ஆம் ஆண்டில் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டரைத் தந்தன. குகேஷ் அவர்களின் வரலாறும் சிந்திக்கத்தக்கது. கணிப்பொறி எந்த நிலைக்கும் சிறந்த நகர்வினை நொடியிற் கூறும் இக்காலத்தில், அவர்தம் ஆசிரியர் விஷ்ணு பிரசன்னா, மாணவர் கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும்வரை கணிப்பொறியின் துணையை விலக்கியே பயிற்றினார். விடையைக் காணும் தனிப்பயிற்சி வேறு, விடையைத் தேடும் தனிப்பயிற்சி வேறு என்பது அவர் கருத்துப் போலும். 2024ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் சிங்கப்பூரில், 18 அகவையில், குகேஷ் உலக வாகையர் ஆனார்.

அறிஞரும் இவ்வினாவை அளந்து பார்த்துள்ளனர். நீல் சார்னெஸ் என்பாரும் அவர் துணைவரும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், போட்டிகளில் ஆடிய காலத்தினும் தனித்திருந்து ஊன்றிக் கற்ற காலமே சதுரங்க வீரரின் திறத்தோடு மிகுந்த தொடர்புடையது என்று கண்டனர். பெர்னாண்டு கோபெ, கில்லெர்மோ கம்பித்தெல்லி என்னும் இருவர், அர்ஜென்டினா வீரர்களை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்டதிலோ, பிறரோடு கூடிப் பயின்ற காலமே மிகுந்த தொடர்புடையதாய் நின்றது. இவை ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும். எமக்குத் தோன்றுவது இது: மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்து இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. ஒரு மணி தனிப்பயிற்சி எதனைத் திருத்தச் செய்யப்பட்டது என்பதும், ஓர் ஆட்டம் எதனைக் கற்பித்துச் சென்றது என்பதுமே கேட்கற்பாலன. எதிரி நோயைக் காட்டுகின்றான். தனிமை மருந்தைத் தருகின்றது. நோயறியாது உண்ட மருந்தும் வீண். மருந்துண்ணாது அறிந்த நோயும் வீண்.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பாலமும் உண்டு. அதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆசான் எம்மையும் மற்றொரு மாணவரையும் எதிரெதிரே நிறுத்தி, “நீ தலைக்கே வீசு, நீ தடுத்துக்கொண்டே இரு” என்பார். சிறிது பொழுது சென்றபின், “இனித் தலைக்கோ விலாவுக்கோ உன் விருப்பம் போல் வீசு” என்பார். பின்னரே கட்டுப்பாடின்றி ஆடவிடுவார். முதலில் அடி தெரியும், காலமும் தெரியும்; அடுத்து அடி தெரியாது; கடைசியில் ஒன்றுமே தெரியாது. இங்ஙனம் ஐயம் படிப்படியாய் வளர, அதனோடு கண்ணும் படிப்படியாய்த் திறக்கின்றது. தனிமையினின்றும் போட்டிக் களத்துக்கு ஒரே பாய்ச்சலிற் சென்றமையே எம் பெரும் பிழை.

பயில்வார்க்குப் பயன்படும் என்று கருதி, யாமும் எம் தோழரும் பட்டறிந்த சில முறைகளை ஈண்டுத் தருகின்றோம். தொடக்கத்திற் பயில்வோர் தம் பொழுதிற் பெரும்பகுதியைத் தனிப்பயிற்சிக்கே தருதல் நன்று. கை தன் தொழிலை அறியுமுன் எதிரியைச் சந்தித்தால் அச்சமே பழக்கமாகிவிடும். எனினும் முதற் கிழமையிலேயே சிறிதேனும் எதிரே ஒருவர் நிற்றல் வேண்டும். தேர்ந்த பின்னர் எதிராட்டத்தின் அளவை வளர்க்கலாம். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் தோற்ற காரணங்களுள் ஒன்றனை மட்டும் குறிப்பேட்டில் எழுதுக. பத்தினை எழுதுபவன் ஒன்றனையும் திருத்தான். மறுநாள் தனிப்பயிற்சி அவ்வொன்றுக்கே உரியதாகுக. திருந்தியதோ இல்லையோ என்பதனை அடுத்த ஆட்டத்திற் கண்டறிக; அன்று வெற்றி தோல்வியைக் கருதாது அவ்வொன்றையே கருதுக. எதிரிகளிலும் மூவகையினர் வேண்டும். வலியவர் நம் குறையைக் காட்டுவர். நிகரானவர் நம் ஊக்கத்தை வளர்ப்பர். நம்மினும் மெலியவரிடத்தே புதியன செய்து பார்க்கலாம். ஒருவரோடே ஓயாது ஆடுபவன் அவ்வொருவரை மட்டுமே கற்றவன் ஆவான்.

இத்துணையும் கண்ட பின்னர், ஆசான் ஒருநாள் மாலை கூறிய செய்தி எம் உள்ளத்திற் பதிந்தது. அவர்தம் தந்தையார் முத்துக் குளித்தவர். நம் தூத்துக்குடிக் கடலிற் பெரிய அளவில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அக்காலத்துக் குளிப்பவர் கல்லின் பாரத்தாற் கடலின் அடிக்கு இறங்குவர். ஓர் ஆளின் மூச்சு நிற்கும் அளவே அங்குப் பொழுது. அச்சிறு பொழுதிற் சிப்பிகளைத் தடவி எடுத்துக் கூடையிலிட வேண்டும். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பர். கயிறு அசைந்தவுடன் இழுத்துவிடுவர். அக்கயிற்றை மைத்துனன் கையிலே கொடுப்பது வழக்கம் என்று இப்பக்கத்தார் சொல்வர். தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றின் மறுமுனையில் இருப்பதை அவன் மறவான் அன்றோ! “கீழே நீ தனி ஆள்தான், தம்பி. ஆனால் மேலே ஆள் இல்லாமல் எவனும் கீழே போனதில்லை” என்றார் ஆசான். மூச்சடக்கும் திறம் ஒருவன் தனியே பழகியது. அத்திறம் முத்தாய் மேலே வருவது மற்றொருவன் கையால்.

அன்று முதல் யாமும் எம் தோழரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். அவர் இரவில் இருபது ஆட்டங்கள் ஆடுவதை விட்டு ஐந்தே ஆடுவது. பின் அரைமணி நேரம் பயிற்சி அறையிற் பாவையோடு நிற்பது. யாம் காலையிற் பாதிப் பொழுது மட்டும் தனியே சுழற்றுவது. மறுபாதியில், உப்பளத் தொழிலாளர் இல்லத்து இளைஞர் சிலரும் எம் விடுதியினர் சிலரும் கூடும் திடலில் எதிராடுவது. எங்கள் குறிப்பேடுகளை ஞாயிறுதோறும் மாற்றிக்கொண்டு படித்தோம். கம்பறியாத அவர் எம் பிழைகளையும், கன்ட்ரோலர் அறியாத யாம் அவர் பிழைகளையும் கண்டுபிடித்தது வியப்பே. “எப்போதும் முதலிற் பின்வாங்குகிறாய்” என்று அவர் ஒருநாள் எழுதி வைத்தார். அவ்வொரு தொடரைத் திருத்த எமக்கு இரண்டு திங்கள் சென்றன.

இவ்வாண்டும் அப்போட்டி நடைபெற்றது. வீச்சுப் போட்டியில் எமக்குப் பரிசொன்றும் கிடைக்கவில்லை. சுழற்சியின் அழகு சிறிது குறைந்திருக்கலாம். கம்புச் சண்டையில் முதற் சுற்றில் வென்றோம். இரண்டாஞ் சுற்றில் எம் எதிரே வந்து நின்றவர் சென்ற ஆண்டு எம்மை வென்ற அதே இளைஞர். ஒரு புள்ளியாலே தோற்றோம். தலைக்கு ஓங்கிய கம்பு விலாவுக்கு இறங்கியபோது, எம் கண் மூடவில்லை. எம் கம்பு அங்கே காத்திருந்தது. ஆட்டம் முடிந்தபின் அவர் எம்மருகே வந்து, “அண்ணா, எங்கே பழகுகிறீர்கள்? நானும் வரலாமா?” என்று வினவினார். இப்பொழுது அவரும் கிழமைக்கு இருநாள் எம் திடலுக்கு வருகின்றார். எம் விலா மீண்டும் நோகத் தொடங்கியுள்ளது. எம் குறிப்பேட்டிலும் நாள்தோறும் ஒரு வரி ஏறுகின்றது.

கல்லூரி நண்பர்காள்! தனியே அறையிற் படித்து, ஒருவரிடமும் வாதியாது தேர்வுக்குச் செல்வாரும், எந்நேரமும் வாதித்து ஒருநாளும் ஏடு திறவாதாரும் நம்மிடையே உளர். யாம் இருவகையிலும் நின்று பார்த்தோம். ஆதலின் துணிந்து கூறுகின்றோம்: எதிரே நிற்பவரைப் பகைவர் என்று எண்ணற்க, அவர் நம் கயிற்றைப் பிடித்திருப்பவர். அவரிடம் பெற்றதனைத் தனிமைக்குக் கொண்டு செல்க. தனிமையிற் பெற்றதனை அவரிடம் மீண்டும் கொண்டு வருக. இதுவே யாம் கற்ற பாடம்.